பாலம் வாங்கிய கனம்

டயகமத் தோட்டத்துப் பாலம், தன் மேல் நடப்பவர்களிடம் ஆளுக்கு இரண்டு றாத்தல் கனத்தைச் சுங்கமாக எடுத்துக்கொண்டது. பாலத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டில் அதைக் கட்டுவித்த துரை, ஏதோ கடலோரப் பட்டணத்துப் பாலத்தின் படத்தைப் பார்த்து மயங்கியவர். ஆற்று நடுவில் உயரமாக ஓர் இரும்புத் தூணை நட்டு, முன்பு மலையிலிருந்து தேயிலைக் கொழுந்து மூட்டை இறக்கிய கம்பிகளை அதன் உச்சியிலிருந்து இரு பக்கமும் சாய்வாக இழுத்துக் கட்டினார். படத்தில் சுங்கச்சாவடி இருந்ததால் இங்கேயும் ‘சுங்கம்’ என்றொரு பலகை தொங்கியது. வசூலிக்க ஆள் மட்டும் போடவில்லை. பாலம் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே வசூலில் இறங்கியது. இரண்டு றாத்தல் என்பதை அது கணக்கப்பிள்ளை ஆண்டியப்பனிடம்தான் கற்றிருக்க வேண்டும்; கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று அவர் கழிப்பதும் அதே இரண்டுதான்.

வெறுங்கையோடு போனால் உடம்பிலும், சுமையோடு போனால் சுமையிலும் எடுத்தது. உடம்பில் போனது நாலு வேளைச் சோற்றில் திரும்பிவிடும். பாலத்தடியில் கடை வைத்திருந்த அலியாருக்கு ஏகக் குஷி. தொந்தி கரையட்டும் என்று ஓயாமல் நடந்தார். சாரம் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் மனைவி ஜெமீலா அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். மாட்டிக்கொண்டவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். மலையும் அவர்கள் குடியிருந்த லயமும் இக்கரையில், தராசு அக்கரையில். பாலம் இரண்டும் ஆண்டியப்பன் இரண்டும் கழித்தால், முழுப்பேர் அரைப்பேராகிவிடும். நாள் முழுக்கப் பறித்தும் பாதிநாள் கூலிதான். அவர்களில் வேலாயிக்கு அது தாங்காது. புருஷன் பொன்னையா மலையில் உருண்டு காலை முறித்துக்கொண்டதில், தோட்டப் பதிவிலிருந்து அவன் பேரை வெட்டிவிட்டார்கள். அவள் பேரும் போனால் லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். ஒருநாள் அவள் பாலத்தின் முன்னால் நின்று, “எலையத் தொடாத சாமி. வேணும்னா எங்கிட்ட எடுத்துக்க” என்றாள். பாலம் சொன்ன பேச்சைக் கேட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு முழுப்பேர். ஆனால் அரை வயிற்றுச் சோற்றில் போன கனத்தை மீட்பது எப்படி? தீபாவளி கழிந்ததும் அவள் கால் தரையை விட்டது. முதலில் விரல் உயரம், பிறகு ஆள் உயரம். வேலையில் ஒரு குறையும் இல்லை. மேலிருந்து பறித்ததில் செடிகள் மேசை போலச் சமமாயின. ஆண்டியப்பனுக்குத்தான் சட்டம் என்றால் உயிர். காலையில் ஆளெடுக்கும் பெரட்டு வரிசையில் அவளை அண்ணாந்து பார்த்து, “நெலத்துல நிக்கிறவங்களுக்குத்தான் பேரு. திங்கக்கெழமைக்குள்ள எறங்கு, இல்லன்னா காம்பராவ விடு” என்றார். காலில் கட்டிக்கொள்ளச் சொல்லி அலியார் தன் கடைப் படிக்கல்லைக் கொடுத்தார். “வேணாங்க நானா. அந்தக் கல்லோட கனத்தையும் அவரு கொழுந்துல கழிப்பாரு” என்று திருப்பிவிட்டாள். வீட்டுக்குள் கூரைத் தகரத்தில் தலை முட்ட அவள் அழுதது, கீழே படுத்திருந்த பொன்னையாவின் நெஞ்சில் சொட்டியது. இருவருக்கும் போக்கிடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். “ஒருத்தி பறந்தாத்தானே தப்பு? வாங்கடி” என்றாள். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வெறுங்கையோடு பின்னால் போனார்கள். அக்கரைக்கும் இக்கரைக்கும் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள், பிறகு சிரிப்பு தாங்காமல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு தத்தினார்கள். பாலத்துக்கும் அன்று மூச்சு முட்டியிருக்கும். பின்னால் ஐம்பத்தேழாம் வருஷத்து வெள்ளத்தில் அது அசையாமல் நின்றது அன்றைக்கு வாங்கிய கனத்தால்தான். வெயில் சாய்வதற்குள் ஒருத்தி காலும் தரையில் இல்லை.

திங்கட்கிழமை பெரட்டில் வரிசை ஒழுங்காகத்தான் நின்றது, தலைக்கு மேலே. தரையில் நின்ற ஒரே ஆள் ஆண்டியப்பன். சட்டப்படி பார்த்தால் மலை முழுவதையும் அவரே பறிக்க வேண்டும். அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, “வேலாயி” என்று கூப்பிட்டார்.

“இருக்கேங்க” என்று மேலிருந்து பதில் வந்தது.

அடுத்த வருஷம் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, தோட்டச் செலவில் ஒவ்வொரு காம்பராவின் கூரைத் தகரத்திலும் ஒரு கதவு வைத்தார்கள். வேலை விட்டு வேலாயி அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்குவாள். மழைக்காலத்தில், சீக்கிரம் சாத்து என்று பொன்னையா கீழேயிருந்து சத்தம் போடுவான்.