பிடி விடாத மட்டை

ஓரன் டோலிவர் தன் ஆயுளின் பிற்பாதி முழுவதையும் ஒரு பேஸ்பால் மட்டையின் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டே கழித்தான். மறுமுனையில் ஒட்டியிருந்தவர் ஹோஸியா கேட்ஸ்டன். அவர்கள் ஒட்டிக்கொண்ட ஆண்டில், பைன் பிசினைக் காய்ச்சி எடுக்கும் டர்பன்டைன் எண்ணெயின் விலை படுத்துக் கிடந்தது. சோளம் சுமாராக விளைந்தது. ஃப்ளோரிடாவின் வடகோடிப் பைன் காட்டில், க்ரோகன் கம்பெனியின் பிசின் முகாமில், டோலிவர் குதிரைமேல் அமர்ந்து அதிகாரம் செய்த வெள்ளைக்காரன். ஹோஸியா மரங்களைக் கீறிப் பிசின் வடித்த கறுப்புத் தொழிலாளி. அந்த முகாமுக்கு உள்ளே வர வழி இருந்தது, வெளியே போக வழி இல்லை. வேலையை விட்டு நடந்தவனை நாய்கள் திருப்பிக் கொண்டுவந்தன. நாய்களுக்குப் பின்னால் சட்டம் மூச்சிரைக்க ஓடிவந்தது. ஹோஸியாவின் மனைவி லூவீனியா மட்டும் முந்தைய பனிக்காலத்தில் பீப்பாய் வண்டிக்குள் ஒளிந்து தப்பி, ஜாக்சன்வில் நகரில் துணி துவைத்துப் பிழைத்துவந்தார். அவரிடம் போய்ச் சேர்வது ஒன்றே ஹோஸியாவின் வேண்டுதல். அதை அவர் டோலிவரிடம் கேட்டும் பார்த்தார்.

“கேப்டன், என் பெண்டாட்டியைப் பாத்துட்டு வந்துடுறேன். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை விடுங்க.”

“மரம் அழுதா எனக்குப் பிசின் கிடைக்குது. நீ அழுதா என்னடா கிடைக்கும்? போய் வேலையைப் பாரு.”

ஞாயிறுதோறும் பேஸ்பால் ஆட அனுமதி உண்டு; மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவன் காட்டைத் தாண்டி ஓடமாட்டான் என்று கம்பெனி நம்பியது. வியர்த்த கையில் மட்டை வழுக்கும் என்பதால், பட்ட பைன் வேர்களைச் சூளையில் வேகவைத்து இறக்கிய கரிய தாரை ஆட்டக்காரர்கள் பிடியில் பூசிக்கொண்டார்கள். டோலிவர் அதைத் திருட்டு என்றான். காட்டையே வடித்துக் கம்பெனியின் பீப்பாய்களில் நிரப்பியவர்களின் விரல் நுனியில் ஒட்டிய கறுப்பு திருட்டாம். காட்டையே எடுத்துக்கொண்ட கம்பெனிக்கு அந்நாட்டு அகராதியில் முதலாளி என்று பெயர். ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், பக்கத்து முகாமோடு நடந்த ஆட்டத்தில், ஹோஸியா மட்டையை அடிமுதல் நுனிவரை தாரில் குளிப்பாட்டிக்கொண்டு வந்து நின்றார். அடித்த பந்து சதுப்பு நிலத்தைத் தாண்டிப் போனது. அவர் மட்டையைக் கீழே போடாமல் மூன்று மூலைகளையும் தொட்டு ஓடினார், வீடு என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கடைசி மூலையையும் தொட்டார், அப்போதும் நிற்கவில்லை.

“அண்ணே, ஆட்டம் முடிஞ்சுபோச்சு! எங்க ஓடுறீங்க?” என்று கத்தினான் கூட ஆடியவன் ஒருவன்.

“வீட்டுக்குத்தான்டா!”

தண்டவாளத்தின் அருகே குதிரையிலிருந்து குதித்த டோலிவர், மட்டையின் பருத்த முனையை எட்டிப் பிடித்தான். அந்தப் பிடி பிறகு விடவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், பன்றிக் கொழுப்பைத் தேய்த்தார்கள். எந்தத் தாரையும் கரைக்கும் கம்பெனியின் சொந்த டர்பன்டைனையும் ஊற்றிப் பார்த்தார்கள். ஹோஸியாவின் இடக்கையும் டோலிவரின் வலக்கையும் அசையவில்லை. ரம்பத்தால் அறுத்தபோது, பல் முன்னேற முன்னேற அதன் பின்னால் மரம் பிசைந்த மாவைப் போல் கூடிக்கொண்டது. ஹோஸியாவின் கையை மணிக்கட்டோடு வெட்டிவிடலாம் என்று கம்பெனி ஆட்கள் கோடரி கொண்டுவந்தார்கள். வெட்டினாலும் அந்தக் கறுப்புக் கை மட்டையிலேயே தங்கும், அதைத் தூக்கிக்கொண்டு தன் மாதாகோவிலுக்குப் போக வேண்டும் என்பது டோலிவருக்கு உறைத்தது. வேண்டாம் என்று கத்தியவன் அவனே. அவனுடைய அறியப்பட்ட ஒரே கருணைச் செயல் இதுதான்.

ஹோஸியா இழுத்தார். பீப்பாய் உருட்டிய தோளுக்கும் சேணத்தில் உட்கார்ந்த இடுப்புக்கும் நடந்த போட்டியில் தோள் வென்றது. இருவரும் ரயிலடிக்கு வந்தார்கள். கறுப்பர்க்கு ஒரு பெட்டி, வெள்ளையர்க்கு ஒரு பெட்டி. பள்ளியை, குடிநீர்க் குழாயை, இடுகாட்டைக்கூட இரண்டாகப் பிளந்து வைத்த சட்டம், ஒரு மட்டையைப் பிளக்க வழியறியாமல் விழித்தது.

“ஐயா, நீங்க எந்தப் பெட்டி?” என்று டோலிவரைக் கேட்டார் ரயில்வே ஊழியர்.

“இவனை இறக்கு முதல்ல!”

“இவனை இறக்கினா நீங்களும் இறங்கணுமே ஐயா. வண்டிக்கு நேரமாச்சு.”

அதற்குள் ஹோஸியா கறுப்பர் பெட்டியில் ஏறியிருந்தார். ஆகவே டோலிவரும் ஏறியிருந்தான். ஊருக்கு ஊர் போலீசார் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஓடிப்போனவரைச் சிறையில் அடைத்தால் வெள்ளைக்காரன் ஒருவனையும் கறுப்பர் அறையில் அடைக்க நேரும் என்று கண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்கள். ஜாக்சன்வில்லில் கதவைத் திறந்த லூவீனியா, கணவரைப் பார்த்தார், பிறகு அவர் கொண்டுவந்ததைப் பார்த்தார்.

“ஏய்யா, இது என்ன?”

“முகாம்லேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. உள்ள போவோம், கால் வலிக்குது.”

ஆண்டுகள் சென்றன. ஹோஸியா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், டோலிவர் மறுபக்கம் தூக்கினான். இருவருக்கும் கறுப்பரின் கூலியே கிடைத்தது, அது எவ்வளவு குறைவு என்று டோலிவர் தெருவெல்லாம் முறையிட்டான். இரவில் கட்டிலுக்கு நடுவே ஒரு திரை தொங்கியது; மட்டை திரைக்கு அடியில் கிடந்தது; பிள்ளைகள் பிறந்தார்கள். டோலிவர் அவர்களை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, அவர்களும் அவனுக்கு வணக்கம் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தார் கல்யாணத்துக்கு அழைக்க வந்தால் கேட்ஸ்டன் வீட்டில் எத்தனை பேர் என்று யோசிப்பதில்லை. ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு காலையும் அவன் சோளக்கஞ்சியை வாயில் வைத்து, உப்பில்லை என்று உறுமுவான்.

“பிடிக்கலன்னா விட்டுட்டுப் போயேன்” என்பார் லூவீனியா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவன் இடக்கையால் கிண்ணத்தை நீட்டுவான். அவர் இன்னொரு கரண்டி ஊற்றுவார். உப்பைத் தன் பக்கமே வைத்துக்கொள்வார்.