மொழிபெயர்ப்பாளர்: மகன்

“நாலு நாள் வச்சிருந்தாங்க, விசாரிச்சாங்க, விட்டுட்டாங்க. இம்புட்டுத்தான். அதுக்கு மேல வாயத் தொறந்துறாதம்மா.”

அன்று காலையில் பெலிக்ஸ் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. அல்போன்சா கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். மகள் ரூபி அம்மாவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், புருஷனைப் போருக்குப் பறிகொடுத்த அல்போன்சா, இரண்டு பிள்ளைகளோடு மன்னாரிலிருந்து படகேறி வந்தாள். அன்றிலிருந்து வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கத்து அகதி முகாமில்தான் வாசம். பெலிக்ஸ் இங்கேயே படித்து இன்ஜினியரானான். முகாம் பையனுக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்? சர்டிபிகேட் பெட்டிக்குள் கிடக்க, அவன் திண்டுக்கல் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் பெயரில் வெளிநாடு ஒன்றுக்குப் போட்ட அடைக்கல மனுதான் மூன்று பேருக்கும் மிஞ்சியிருந்த ஒரே வழி.

மனுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்த இடத்தில், ‘மகன்’ என்று எழுதியவன் பெலிக்ஸ். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியாள் வந்தால் கதை வெளியே போகும்; அப்புறம் ரூபிக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்?

அந்த நாலு நாளும் மன்னார் ராணுவ முகாமுக்குள் அம்மாவை என்ன செய்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஐந்து வயதில் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று அழுதவன். வளர வளரப் புரிந்துகொண்டான். இரண்டு வருடங்களுக்கு முன்னால், பெண்கள் கூட்டமொன்றில் அல்போன்சா அதைச் சொல்ல எழுந்ததாகக் கேள்விப்பட்டு வீட்டில் குதித்தான். “ஊரக் கூட்டி மானத்த வாங்கப் போறியா?” அதோடு அவள் அடங்கிப்போனாள். கெடுத்தவன் எங்கேயோ பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பான். மூடி மறைக்கிற வேலை மட்டும் பாதிக்கப்பட்டவள் வீட்டுக்கு. அதற்கு மானம் என்று ஒரு பெயர் வேறு.

டவுனில் ஒரு தொண்டு நிறுவனம் அறையும் கம்ப்யூட்டரும் கொடுத்திருந்தது. திரையில் தெரிந்த வெள்ளைக்காரப் பெண் அதிகாரி, ஊர், பேர், படகு எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். “அந்த நான்கு நாட்களில் உங்களை என்ன செய்தார்கள்?”

பெலிக்ஸ் அம்மாவின் பக்கம் திரும்பினான். உண்மையைச் சொன்னால்தான் மனு ஜெயிக்கும். ஆனால் அது தன் வாயால் போக வேண்டும். பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து இதை எந்த மகன் கேட்பான்?

“எத்தன நாள் வச்சிருந்தாங்கன்னு கேக்குறாங்கம்மா.”

“நாலு நாள்.”

பெலிக்ஸ் திரையைப் பார்த்து மளமளவென்று ஆங்கிலத்தில் பேசினான். விசாரித்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், கண்ணியமாக நடத்தி அனுப்பினார்கள். அந்தக் கண்ணியத்தைச் சொல்லும்போது அவனுக்கே காது சுட்டது.

“அப்படியானால் திரும்பிப் போக ஏன் பயப்படுகிறார்?” என்றார் அதிகாரி.

அவன் பதில் தேடுவதற்குள் அல்போன்சா நிமிர்ந்தாள். “நான் ரெண்டு சொல்லுதான் சொன்னனான். நீ இவ்வளவு நேரம் என்ன சொன்னனீ?”

“சும்மா இரும்மா. வேலையக் கெடுத்துறாத.”

“உங்கள் அம்மா இப்போது என்ன சொன்னார்?” அதிகாரி விடவில்லை.

அல்போன்சா நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தே பேசினாள். “நான் எல்லாம் கதைக்கிறன். இவன் வேண்டாம். தமிழ் தெரிஞ்ச பொம்பிளை ஒராளை விடச் சொல்லு. சொல்லு பெலிக்ஸ். உள்ளதை உள்ளபடி சொல்லு.”

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஓடிவிடலாம் என்றால், அதைச் சொல்லவும் அங்கே அவனை விட்டால் ஆளில்லை. சொன்னான். தான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னான்.

அதிகாரி சற்று நேரம் எதையோ தட்டச்சு செய்தார். “வேறொரு நாள் பெண் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறேன். மகன் ஏன் வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள். பதிவில் காரணம் வேண்டும்.”

பெலிக்ஸ் தரையைப் பார்த்தபடி அம்மாவிடம் கேட்டான்.

“நடந்ததில எனக்கு ஒரு வெக்கமும் இல்லை,” என்றாள் அல்போன்சா. “என்ட மகனுக்குத்தான் என்னை நினைச்சு வெக்கம். அதால வேண்டாம் எண்டு சொல்லு.”

அவள் சொன்னதை அவள் சொன்னதாகவே ஆங்கிலத்தில் சொன்னான். குரல் பாதியில் கம்மிவிட்டது.

“மன்னிக்கவும், கடைசியில் சொன்னது சரியாகக் கேட்கவில்லை,” என்றார் அதிகாரி. “தட்டச்சு செய்ய வேண்டும். இன்னொரு முறை, மெதுவாகச் சொல்லுங்கள்.”

பெலிக்ஸ் இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னான்.