யானைக்கு உதவும் தோட்டா

என் தம்பி ஆரின், ஒரு எல்க் மானைக் காயத்தோடு தவறவிட்டால், அடுத்த வாரமே இன்னும் பெரிய துப்பாக்கி ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். அப்பா கொடுத்த 270 ரகத் துப்பாக்கி இருந்த வரைக்கும் அவன் சுட்டது விழுந்தது. எவனோ ஒருவன் அதைப் பொம்பளைத் தோட்டா என்று சொல்லிவிட்டான். ஐயாவுக்கு ரோஷம் வந்து அதை என் தலையில் கட்டிவிட்டு அதைவிடப் பெரிய 300 மேக்னம் வாங்கினான். அதில் ஒரு மான் வயிற்றில் அடிபட்டு ஓடிப்போனது. தோட்டாவுக்குப் பலம் போதவில்லை என்று 338 வாங்கினான். போன வருஷம் அதில் சுட்ட மானை நானும் அவனும் பனியில் இருட்டும்வரை தேடினோம். ரத்தம் ஓடைக்கரையோடு நின்றுவிட்டது. அது எங்கே கிடந்து செத்ததோ என்று அவன் மாசக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை.

இந்த வருஷம் 375 வாங்கப்போவதாகச் சொன்னான். அது ஆப்பிரிக்காவில் யானைக்கு எடுப்பது. நம்ம மொன்டானா மலையில் யானைக்கு எங்கேயடா போவாய் என்று கேட்டேன். தோட்டாவின் எடை, வேகம், அடியின் கனம் என்று காது புளிக்கப் பேசினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேட்டை சீசனுக்கு முந்தின நாள் ஜல்லிப் பள்ளத்தில் 338-ஐச் சுட்டுக் குறி சரிபார்க்கப் போனோம். குளிரில் விரல் மரத்துப்போய், தோட்டாவை என்னைப் போடச் சொன்னான். இரண்டு முறை நல்ல தோட்டா போட்டுக் கொடுத்தேன், சுட்டான். மூன்றாவதாக, அவனுக்குச் சொல்லாமல், சுட்டு முடித்த காலித் தோட்டாக் கூட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

விசையை இழுத்தான். டிக் என்று மட்டும் கேட்டது. ஆனால் குழல் முனை சடாரென்று மண்ணைப் பார்த்துக் குனிந்தது. தோள் முன்னால் பாய்ந்திருந்தது, கண் இறுக மூடியிருந்தது. துப்பாக்கி உதைக்கும் முன்பே உடம்பு பயந்து முந்திக்கொண்டிருந்தது.

அவன் கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

"வெறும் கூடா?"

"வெறும் கூடுதான்டா."

"அப்போ அந்த ரெண்டு மானும்... தோட்டாவால இல்ல."

நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லக் காத்திருந்தவள் நான். இப்போதோ, பாவி, ஏன் இதைச் செய்தோம் என்று இருந்தது. அவன் 338-ஐப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் விடியலில் என் 270-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டு என்னோடு வேட்டைக்கு வந்தான். மலைச்சரிவில் பெரிய எல்க் கிடா ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் குறிவைத்தான். பிறகு துப்பாக்கியை இறக்கினான்.

"கண்ணு மூடப் பாக்குதுக்கா."

நான் சுடட்டுமா என்று கேட்கவில்லை. காற்று திரும்பியது. எங்கள் வாடை பட்டதும் கிடா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேலே ஏறத் தொடங்கியது. ஆரின் என் கையில் பைனாகுலரைத் திணித்தான்.

"காலு எதையும் இழுக்கலையே? பாரு."

"நீ சுடவே இல்லையேடா."

"தெரியும். இருந்தாலும் பாரேன்."

பார்த்தேன். "நாலு காலையும் ஊனித்தான் ஏறுதுடா," என்றேன்.

அது முகட்டைத் தாண்டும்வரை என்னை விடாமல் அதைப் பார்த்துச் சொல்லவைத்தான். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தான்.