கோட்டுக்கு உள்ளே ஒரு மேசை

வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த மேசைதான். ஒரு ஆள் தாராளமாகப் படுத்துப் புரளலாம், அவ்வளவு பெரிது. டெய்லரம்மா தச்சுப் பட்டறைக்கே போய் நின்று, குனியாமல் துணி வெட்ட வேண்டும் என்று தன் இடுப்பு உயரத்தைக் காட்டிச் செய்துகொண்ட மேசை. அளவு பார்க்க அவள் விளிம்பில் போட்ட கீறல்கள் இன்னும் அழியவில்லை. ஆனால் அதன்மேல் துணி விரித்து வருஷக்கணக்காகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் நாவல் எழுத உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வாரம் கொடு, முதல் அத்தியாயத்தை முடிச்சுக்கறேன்" என்றுதான் கேட்டார். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. மேசைக்குத் தோதாக உயரமான நாற்காலி ஒன்று வந்தது. அதில் ஏறி உட்கார்ந்தால் அடுப்படிவரை மேற்பார்வை பார்க்கலாம். அவளுடைய இஸ்திரிப் பெட்டி, காகிதம் பறக்காமல் இருக்கப் போனது. மர ஸ்கேலுக்கும் புது உத்தியோகம் கிடைத்தது. மேசையில் இரண்டு தட்டு தட்டினால் டீ வேண்டும் என்று அர்த்தம். ஓயாமல் தட்டினால் தையல் மிஷினை நிறுத்து என்று அர்த்தம். வாயைத் திறந்து கேட்டால் சிந்தனை கலைந்துவிடுமாம்!

ஒருநாள் மகள் ஓடி வந்து இடித்ததில் மை கொட்டிவிட்டது. அன்றைக்கு அவர் டெய்லரம்மாவின் சாக்கட்டியையே எடுத்து மேசையைச் சுற்றித் தரையில் ஒரு கோடு கிழித்தார்.

"இதைத் தாண்டி யாரும் வரக்கூடாது. என்ன வேணுமோ அங்கேயே நின்னு சொல்லுங்க."

துணியில் குறி போடுகிற சாக்கட்டி மெழுகு கலந்தது. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். தினமும் தரை துடைக்கும்போது கோடு மங்கும். மங்கினால் அவர் முகம் சுருங்கும். அதனால் துடைத்து முடித்த கையோடு டெய்லரம்மாவே முட்டி போட்டு மறுபடி கோட்டை இழுத்துவிடுவாள். எதற்கு வம்பு என்று நினைத்தாள். இந்த 'எதற்கு வம்பு' இல்லாவிட்டால் பாதி வீடுகளில் ஆண்கள் என்றைக்கோ தாங்களே டீ போட்டுக் குடித்திருப்பார்கள்.

மேசை போனதால் அவள் தரையில் உட்கார்ந்தே துணி வெட்டினாள். முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. எழுந்திருக்கும்போது முட்டி மடக் மடக்கென்று சத்தம் போடும். சுவரைப் பிடித்துக்கொண்டு, "பேச ஆரம்பிச்சிடுச்சு பாரு, இனிமே வாயை மூடாது" என்று தன் முட்டியையே திட்டுவாள். மகள் சிரிப்பாள். டாக்டர் சிரிக்கவில்லை. இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. நர்சுகள் அத்தனை பேருக்கும் உடுப்பு. இத்தனை வருஷம் தைத்ததில் இவ்வளவு பெரிய வேலை அவள் கைக்கு வந்ததே இல்லை. துணி மூட்டைகளும் வந்து இறங்கிவிட்டன. அடுக்கடுக்காக விரித்து வெட்ட மேசை இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

"என்னங்க, மேசையைக் கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன். நாவல்தான் அச்சாகி வந்துடுச்சே" என்று கோட்டுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"அடுத்த நாவலை யார் எழுதுவா, உங்க அப்பாவா?" என்றார் அவர். "நாளைக்கு விமர்சனக் கூட்டம் இருக்கு. பெரிய ஆளுங்க வர்றாங்க. அந்த மூட்டையையெல்லாம் கண்ணுல படாம எங்கேயாவது போட்டு மூடு. பார்க்கச் சகிக்கல."

அவள் அப்பா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அவரை எதற்கு இழுத்தார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டு மூட்டைகளை மூலையில் தள்ளிப் போர்வை போட்டு மூடினாள்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். வாடகை நாற்காலிகளைக் கோட்டுக்கு வெளியே போட்டிருந்தது. எழுத்தாளர் தன் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் ஒருவர் நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். டெய்லரம்மா அந்த நாவலைப் படித்ததில்லை. "கனமான விஷயம், உனக்குப் புரியாது" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவள் டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்.

"இதுல வர்ற மேசை வெறும் மேசை இல்லைங்க" என்றார் பேராசிரியர். "அதுதான் அதிகாரம். செங்கல் சூளைத் தொழிலாளிகளோட மேசையை மேலாளர் பறிச்சுக்கறான். சுத்திக் கோடு போடறான். அந்தக் கோடுதான் அவன் சட்டம். அந்தச் சட்டத்தை யார் காப்பாத்தறாங்க தெரியுமா? கேளுங்க, படிக்கறேன்."

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

'தினமும் காலையில் கூட்டுகிறவள் அந்தக் கோட்டை அழித்தாள். பிறகு அவளே முட்டி போட்டு அதை வரைந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, "பேச ஆரம்பிச்சிடுச்சு பாரு, இனிமே வாயை மூடாது" என்று முட்டியைத் திட்டினாள். மேலாளர் எல்லாவற்றையும் பார்த்தான். பார்க்காதவனைப்போல் தாளைப் புரட்டினான்.'

கூட்டத்தில் உச்சுக் கொட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த முட்டி பேசற வரி இருக்கே, எங்கே சார் பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் கற்பனைதான்" என்றார் எழுத்தாளர், உச்சி குளிர்ந்து. "அந்த மாதிரி ஜனங்களோட வலியை நாம உள்வாங்கணும். அவ்வளவுதான்."

  இத்தனை வருஷமும் டெய்லரம்மா ஒன்றை நம்பியிருந்தாள். பாவம், எழுத்திலேயே மூழ்கிக் கிடக்கிற மனுஷன், தன் வலி அவர் கண்ணில் படவில்லை என்று நம்பியிருந்தாள். பட்டிருக்கிறது. ஒன்றுவிடாமல் பட்டிருக்கிறது. அவள் முனகியதைக்கூட எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு, அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டு, ஸ்கேலால் இரண்டு தட்டு தட்டியிருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துத் தொலைக்கலாம். தெரிந்தே செய்தவனை என்ன செய்வது? 

தட்டைத் தரையில் வைத்தாள். மூலைக்குப் போய்ப் போர்வையை உருவினாள். ஒரு மூட்டையை இழுத்தாள். மகள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நாற்காலிகளுக்கு நடுவே வந்து கோட்டைத் தாண்டினார்கள்.

"ஏய், என்ன இது? கூட்டம் நடக்குதுல்ல?" என்றார் எழுத்தாளர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நடக்கட்டுங்க. நீங்க கொஞ்சம் எறங்குங்க. துணி வெட்டணும்."

"உள்ளே போ. அப்புறம் பேசிக்கலாம்."

"எல்லாத்தையும்தான் புத்தகத்துல பேசிட்டீங்களே. இன்னும் என்ன பேச?" என்றாள். பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இந்த மேசை என்னோடது. விளிம்புல பாருங்க, நான் போட்ட அளவு. முட்டி பேசறதும் என்னோடதுதான். கற்பனை இல்லைங்க. வேணும்னா எழுந்து காட்டறேன்."

பேராசிரியர் விளிம்பைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். கோடு அவர் கால்விரலுக்குச் சற்று முன்னால் பளிச்சென்று இருந்தது. அன்று காலையில்தான் புதிதாக இழுத்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். இவ்வளவு நேரம் தாங்கள் எல்லோரும் அதற்கு வெளியே மரியாதையாகக் காலை இழுத்து வைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. பேராசிரியர் புத்தகத்தை மூடினார்.

எழுத்தாளர் நாற்காலியிலிருந்து இறங்கினார்.  மேசைமேல் கிடந்த காகிதங்களை எடுப்பதா, மனைவியை அதட்டுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

டெய்லரம்மா இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்துத் துணியை விரித்துக்கொண்டிருந்தாள்.

"காலால தேய்ச்சா போகாதுங்க" என்றாள். "ஈரத்துணி வேணும். முட்டி போட்டுத்தான் துடைக்கணும்."

மகள் அடுப்படியிலிருந்து துணியை நனைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். யாராவது ஒருவர் பரவாயில்லை சார், விடுங்கள் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பேராசிரியர் தன் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி இடம் விட்டார். எழுத்தாளர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முட்டி போட்டார்.

மேசை பெரிது. கோடு அதைவிடப் பெரிது. ஒரு சுற்றுச் சுற்றி வர நேரமாயிற்று. அதற்குள் டெய்லரம்மா முதல் அடுக்குக்குக் குறி போட்டுக் கத்தரியை எடுத்துவிட்டாள். நிமிர்ந்து நின்று, குனியாமல், நிதானமாக வெட்டினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி எழுந்தார்.

அவள் கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"என்னங்க, பேச ஆரம்பிச்சிடுச்சா?"