மூன்று முறையும் ஜெனில்

பின்சி எழுதிய நிரல் மூன்றாவது முறையும் அவளுக்கு ஜெனிலின் பெயரையே கொடுத்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

வெள்ளறடை சபையின் பாடகர் குழு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நண்பரைக் குலுக்கி எடுக்கும். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு வாங்க வேண்டும். இந்த முறை கணினியே குலுக்கட்டும் என்று சொன்னவள் பின்சி. பாட்டு ஒத்திகை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் வெள்ளோட்டம் காட்டினாள்; ஒவ்வொரு முறையும் யாருக்கு யார் என்ற முழுப் பட்டியல் திரையில் வந்தது. நிரலை மூடித் திறந்தாலும் அவளுக்குக் கிடைத்தது சக பாடகன் ஜெனில்தான்.

"கம்ப்யூட்டருக்கும் காரியம் தெரியுமாக்கும்!" என்றாள் குழுவில் மூத்தவளான புஷ்பபாய்.

"நான் ஒண்ணும் செய்யல்ல மாமி!"

"பின்ன ஏன் பிள்ளே காது சிவக்குது?"

குழுத் தலைவர் ஜெயதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இதில கள்ளத்தரம் உண்டுமெண்ணா நமக்குத் துண்டுச் சீட்டே போதும் மக்கா."

அது சுட்டது. பின்சி மடிக்கணினியோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் ஒழுங்காகத்தான் சோதித்திருந்தாள். நிரலை மூடாமலே ஆயிரக்கணக்கில் குலுக்க வைத்து எண்ணினாள். எல்லாப் பெயரும் ஏறக்குறைய சமமாக வந்தன. பிறகு ஒரு வாரம், மாலைக்கு ஒரு தடவை திறந்து குலுக்கினாள். ஒரு நாள் வந்தது மறுநாள் வரவில்லை.

ஜெனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்க பேரு வந்தா அவ்வளவு சங்கடமா?"

"சங்கடம் அதில்ல. நான் செய்த வேலைண்ணு எல்லாரும் நினைக்காவளே."

"புஷ்பபாய் மாமிக்கும்தான் மூணு தடவையும் ஜெயதாஸ் அண்ணன் வந்தாரு. அதுக்கு ஒருத்தரும் சிரிக்கல்லியே?"

பின்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்தாள். ஒரு பெயர்கூட இடம் மாறவில்லை. எல்லோரும் பார்த்துச் சிரித்தது ஒரே ஒரு வரியைத்தான்!

கணினி உண்மையில் சீட்டைக் குலுக்குவதில்லை. ஒரு தொடக்க எண்ணை வாங்கி, அதிலிருந்து அடுத்தடுத்த எண்களைக் கணக்குப் போட்டு எடுக்கிறது. தொடக்கம் ஒன்றானால் வரிசையும் ஒன்றே. பின்சி தொடக்கமாகக் கொடுத்திருந்தது அன்றைய தேதி. அதனால்தான் மாலைக்கு மாலை மாறியது. ஒரே மாலையில் மாறவில்லை.

அவள் பட்டியல்களை ஜெயதாஸிடம் காட்டினாள். அவர் தன் பெயரிருந்த வரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "செரி மக்கா, நீயே நேராக்கிக் குலுக்கு."

தேதியை எடுத்துவிட்டாள். நிரலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், யாரும் ஊகிக்க முடியாத புதிய தொடக்க எண்ணைக் கணினியின் இயங்குதளத்திடமே கேட்டு வாங்கும்படி நிரலை மாற்றினாள். பிறகு ஒரே நாளில் பல தடவை மூடித் திறந்து பார்த்தாள். பட்டியல் ஒவ்வொரு முறையும் மாறியது.