சின்ன முள்ளின் நீலம்

"நகத்தை அந்த இடுக்குல வைங்க. அமுக்காதீங்க, நெம்புங்க," என்றாள் வாட்ச்சம்மா, படுத்தபடியே.

டிரைவர் நெம்பினார். ஆயுசு பூராவும் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த கட்டை விரல் அது. பாக்கெட் கடிகாரத்தின் பின்மூடி வழுக்கி வழுக்கிக் கடைசியில் டப்பென்று திறந்துகொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மேஜைமேல் இருந்த எதையும் அவர் தொட்டதில்லை. தொடவிட மாட்டாள். "உங்க கை வேர்வை போதும், துருப்பிடிக்க" என்பாள்.

யாருக்குப் பழைய கடிகாரம் கிடைத்தாலும் அது அசல்தானா, ஒட்டுப்போட்டதா என்று கேட்க அவளிடம்தான் வருவார்கள். நோய் முற்றி, கண்ணும் மங்கிய பிறகு அந்த வரத்து நின்றுபோனது. பல் டாக்டர் ஒருவர் மட்டும், விஷயம் தெரியாமல், வாசலிலேயே டிரைவரிடம் இந்தக் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கலாமா வேண்டாமா என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் டிரைவர்.

"ஏன், உங்களுக்குக் கண்ணில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"என்ன தெரியுது?"

"அழகா இருக்கு."

"அதையா கேட்டேன்? மூடிக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், மெஷின் மேல ஒரு நம்பர் இருக்கும். படிங்க. இந்தக் கம்பெனிக்காரன் ரெண்டுலயும் ஒண்ணேதான் அடிப்பான்."

படித்தார். ஒன்றேதான்.

"ஸ்க்ரூ தலையெல்லாம்?"

"ஒண்ணு மட்டும் நாய் கடிச்ச மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. அவர் தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனார். வேண்டாமென்று விரலை அசைத்தாள். "எவனோ அவசரக்காரன் கழட்டியிருக்கான். போகட்டும். முகப்பு?"

"பீங்கான் மாதிரி வெள்ளை. மூணுகிட்ட மயிரிழை மாதிரி ஒரு விரிசல்."

"இருக்கட்டும். பழசுன்னா விரிசல் விடும்தான். இப்ப முள்ளு. நெருப்புல காட்டின நீலம், சாய்ச்சா கறுத்துப் போகும். பெயிண்ட் அடிச்சது எப்படிச் சாய்ச்சாலும் மாறாது. வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாருங்க."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சாய்த்தார். பெரிய முள் கறுத்தது, நிமிர்த்தியதும் நீலமாயிற்று. சின்ன முள் அப்படியே இருந்தது. நம்பாமல் மறுபடி சாய்த்தார், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். மாறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குகூடச் சரியாகப் போடாதவருக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஏறியது.

"சின்ன முள்ளு டூப்புடீ! நானே கண்டுபிடிச்சிட்டேன்!"

பதில் வரவில்லை. லென்ஸை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். வாட்ச்சம்மாவின் தம்பி வந்ததும் வராததுமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா கடைசியா ஏதாச்சும் சொன்னாளா, அத்தான்?"

"வெளிச்சத்துக்கு..." என்று ஆரம்பித்தார்.

"வெளிச்சம் கேட்டாளா!" மச்சினன் அவர் தோளில் சாய்ந்து உடைந்துபோனான். "கண்ணு தெரியாம என்ன தவிச்சாளோ!"

பேச்சு கூடத்துக்குப் போனது, அங்கிருந்து வாசலுக்குப் போனது. "வெளிச்சம், வெளிச்சம்னு கதறினாளாம்" என்று அவர் காதுக்கே திரும்பி வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். டிரைவர் யாரையும் திருத்தவில்லை. திருத்துவதென்றால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். உயிர் பிரிந்த நேரத்தைக் கேட்டவர்களுக்கும் அவர் சொன்னது உத்தேசமாகத்தான். அந்த நேரம் அவர் முதுகு அவள் பக்கமாக அல்லவா இருந்தது.

எல்லாரும் போய், கடைசியாக மச்சினனும் கிளம்பிப் போன மறுநாள் பல் டாக்டர் வந்தார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"இப்ப போய்க் கேக்கறது தப்புதான். பொருளை மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன்."

"உக்காருங்க. பாத்தாச்சு," என்றார் டிரைவர். கடிகாரத்தைக் கைக்குட்டையில் பிடித்தபடி மூடியைத் திறந்து காட்டினார். "நம்பர் ரெண்டும் ஒண்ணு. முகப்பு அதோடதுதான். ஒரு ஸ்க்ரூ கடிபட்டிருக்கு. சின்ன முள்ளு மட்டும் பின்னாடி போட்டது."

"அம்மா சொன்னாங்களா?"

"மத்ததெல்லாம் அவ. முள்ளு நான்."

டாக்டர் எழுந்து ஜன்னலருகே போய்ச் சாய்த்துப் பார்த்தார். டிரைவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க. சரியாத்தான் சொல்றீங்க."

"வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாருங்கன்னா. அதுதான் அவ கடைசியா பேசினது. வேற ஒண்ணும் பேசல."

டாக்டர் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் மெதுவாக இறக்கினார். காபி போடட்டுமா என்று டிரைவர் கேட்டார். கிளினிக்கில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்றார் டாக்டர்.

வாசலில் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. உதைத்தார். உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி உதைத்தார். டிரைவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்ஜின் சூடா இருக்கும். உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காருங்க, ஆறட்டும்."

வண்டி அவ்வளவு நேரமும் நிழலில்தான் நின்றிருந்தது. அடுத்த உதைக்குக் கிளம்பிவிட்டது.