ஹாஜியாரின் பொனட்டும் ஐந்து அங்குல ஸ்பொன்ஜும்

ஜப்பார் ஹாஜியார் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனவள் நான். எங்கள் வாப்பா உயிரோடு இல்லை. உம்மாவுக்கு அவ்வளவு பெரிய வீட்டு வாசலைக் கண்டாலே நா ஒட்டிக்கொள்ளும். ஆகவே தம்பி அர்கத்துக்காகப் பேசுகிற பொறுப்பு ராத்தாவான என் தலையில் விழுந்தது. முஃபீதாவுக்கு வாய் நீளம் என்று கரைத்தீவு முழுக்கச் சொல்லும். அன்றைக்கு அந்த நீளமும் போதவில்லை.

ஹாஜியார் தேத்தண்ணி தந்தார், தொதல் தந்தார், பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் தரவில்லை. "உங்கட ஆக்கள் மன்னார்ல இருந்து வந்து எத்தின வருஷம் புள்ள?" என்று கேட்டார். நாங்கள் தொண்ணூறில் யுத்தத்தில் விரட்டப்பட்டு வந்து அகதி முகாமில் இருந்தவர்கள். அர்கம் பிறந்ததே இங்கேதான். ஆனாலும் ஹாஜியார் வாயில் நாங்கள் இன்னும் "முகாம் ஆக்கள்". அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உச்சந்தலைவரை எரியும். அன்றும் எரிந்தது. ஒரு துண்டுத் தொதலை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன்.

அவருடைய ஒரே மகள் ஹஃபீலாவுக்கும் என் தம்பிக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும், அவளுடைய உம்மா நஃபீஸா மாமிக்குத் தெரியும், ஹாஜியாருக்கும் தெரியும். தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொள்வது தகப்பன்மாருக்கு அல்லாஹ் கொடுத்த திறமை.

அர்கம் கொழும்பில் ஒரு கராஜில் கார் பொலிஷ் பண்ணும் வேலை பழகியவன். யுத்தம் முடிந்து கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்க, நல்ல கார்களும் வரத் தொடங்கின. அவனும் வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தொழிலைத் தொடங்கினான். ஹாஜியாரோ உப்பளக்காரர். அவருடைய கறுப்புக் காரை அவருடைய உப்புக் காற்றே தின்றுகொண்டிருந்தது. முன்பக்கத்து மூடி, அதுதான் பொனட், பழைய தோசைக்கல் மாதிரி மங்கிப்போய்க் கிடந்தது.

"சிலாபத்துல ஞாயித்துக்கிழம ஒரு கலியாண வலீமா விருந்து இரிக்கி," என்றார் ஹாஜியார் கடைசியாக. "அதுக்கு முன்னால தம்பி என்ட கார மினுக்கித் தரட்டும். கைவேலயப் பாப்பம். பொறகு கதைப்பம்."

எங்கள் பக்கத்தில் "பிறகு கதைப்பம்" என்றால் பாதிச் சம்மதம். நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன்.

மறுநாள் அர்கம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். ஹாஜியார் அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து, குர்ஆனை ஏந்துகிற பவ்வியத்தோடு நீட்டினார். கட்டாரில் ஒரு கார்க் கம்பனியில் வேலை செய்யும் மகன் அன்ஸார் அனுப்பியது. உள்ளே பொலிஷ் மெஷினுக்குப் போடுகிற வட்ட ஸ்பொன்ஜ் பேட்கள், நிறம் நிறமாக.

"இதால செய்ங்க தம்பி. மகன் எனக்கெண்டே அனுப்பினது."

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புகிற சாமானில் குறை என்பதே கிடையாது. சட்டை இறுக்கமென்றால் நாங்கள் மூச்சைக் குறைத்துக்கொள்வோம். அத்தர் தும்மல் தந்தால் தும்மித் தும்மியே பூசிக்கொள்வோம். என் சொந்த மாமா ஒருவர், மகன் அனுப்பிய சப்பாத்து சின்னது என்று வாய் திறக்காமல், பெருநாள் தொழுகைக்கு நொண்டியபடியே போய் நொண்டியபடியே வந்தார். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார்.

அர்கமும் வாய் திறக்காமல் திரும்பி வந்து என்னிடம் திறந்தான்.

"ராத்தா, பேட் சின்னன்."

"சின்னன் எண்டா என்ன? கொஞ்சம் கூட நேரம் தேயேன்."

"அப்பிடியில்ல. மெஷின்ட முகத்துல ஒரு தட்டு இரிக்கி. அதுலதான் பேட்ட ஒட்டுற. என்ட தட்டு ஆறு அங்குலம். பேட் அதவிடப் பெருசா, தட்ட மூடி வெளியால நீட்டிக்கிட்டு நிக்கணும். இது அஞ்சு அங்குலம். தட்டுட ஓரம் மொட்டையா வெளியால நிக்கும். சுத்துற சுத்துக்குக் கொஞ்சம் சரிஞ்சாப் போதும், பெயின்ற வழிச்சி எடுத்திரும்."

"அப்ப சின்னத் தட்டு ஒண்டு வாங்கு."

புத்தளத்தில் இல்லை. சிலாபத்தில் ஒரு கடையில் கிடைத்தது. பஸ்ஸில் போய் வாங்கி வந்து மாட்டிப் பார்த்தால், அதன் திருகுச் சுரை இவனுடைய மெஷினில் ஏறவே இல்லை. போதாக்குறைக்கு அன்ஸார் கட்டாரிலிருந்து போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தான், கறுப்புக் காருக்கு மஞ்சள் பேட்தான் மெது, அதைப் போடச் சொல்லுங்கள் என்று. அர்கம் அந்த மஞ்சளை விரலால் அமத்திப் பார்த்தான். காய்ந்த பாண் தோற்றுப்போகும், அவ்வளவு கடினம். ஒவ்வொரு கொம்பனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் போடுகிறது, அன்ஸார் வேலைத்தலத்து மஞ்சள் வேறு, இந்தப் பெட்டி மஞ்சள் வேறு என்று தலையில் கைவைத்தான்.

"சொல்லிப்போடு அவருக்கு," என்றேன்.

"என்னண்டு? உங்கட மகன் அனுப்பினது சரியில்ல எண்டா? பொறகு ஹஃபீலாவ மறந்திட வேண்டியதுதான்."

"அப்ப இப்போதைக்குக் கழுவிக்கிட்டு நில்லு," என்றேன்.

அதற்குப்பின் என் தம்பி செய்ததெல்லாம் கழுவல். புதன்கிழமை கழுவினான். வியாழக்கிழமை, தூசு படிந்துவிட்டது என்று திரும்பக் கழுவினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவைச் சாட்டினான், ஜும்ஆ முடிந்ததும் சில்லுகளைக் கழுவினான். ஹாஜியார் பள்ளிக்குப் போகிற நேரம் பார்த்து உன் பேட்டைப் போட்டு முடித்துவிடு என்று நான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மனிதர் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டார். பெட்டியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்தபடி, காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்குப் போனபோதும் பெட்டி கூடவே போனது; அது இல்லாமல் கார் மினுங்கினால் வேறு பேட் என்று பிடிபட்டுவிடும்.

ஹஃபீலா எனக்குப் போன் எடுத்தாள். "ராத்தா, அவரு எங்கட காரக் கழுவிக் கழுவியே கெழவனாகப் போறாரா? வாப்பாக்கு உள்ளதச் சொல்லச் சொல்லுங்க. வேற எடத்துல எனக்குப் பேசுறாங்க."

சனிக்கிழமை காலையில் நஃபீஸா மாமியின் கோப்பை ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் நானும் போய் நின்றேன். ஹாஜியார் பெட்டியைத் திறந்து மஞ்சள் பேட்டை எடுத்து நீட்டினார்.

"இண்டைக்கு முடியணும் தம்பி."

அர்கம் அதை வாங்கவில்லை. கைகளைச் சாரத்தில் துடைத்தான். "ஹாஜியார், இது என்ட மெஷினுக்குச் சேராது."

"என்ன?"

"தட்டு பெருசு, பேட் சிறுசு. காருதான் பழுதாகும். என்ட பேட்டால நல்லாச் செஞ்சி தாறேன். இல்லாட்டி வேணாம், நான் செய்ய மாட்டேன். நம்பாட்டி ஒரு பழைய கதவுல தேச்சிக் காட்டுறேன்."

ஒரு நல்ல சம்பந்தம் கேவலம் ஸ்பொன்ஜில் முடிகிறதே என்று அழுகை வந்தது. அதேநேரம் நெஞ்சு நிறையப் பெருமையாகவும் இருந்தது. ஆசைப்பட்ட பெண் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது, அவளுடைய வாப்பாவிடம் முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு முதுகெலும்பு இருக்கிறது?

"என்ட மகன் அனுப்பினத பழங்கதவுல தேய்க்கிறதா?" ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்தார். "முகாமுக்குள்ள வளந்த புள்ளைக்குக் கட்டார்ச் சாமான் சேராதாம்! கொண்டா இஞ்ச. எங்கட ஊட்டுச் சாமானுக்கு எங்கட கையே போதும்."

அர்கம் தடுக்கத் தடுக்க மெஷினைப் பிடுங்கினார். பேட்டைத் தட்டில் அப்பினார். அது நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை, நிலவுக்கும் கிரகணத்துக்கும் இடையில் எங்கேயோ ஒட்டியது. மினுக்குகிற பசையான கொம்பவுண்டைப் பாணுக்குப் பட்டர் பூசுவதுபோல் பொனட்டில் பூசினார். பிஸ்மி சொல்லி சுவிச்சை அமத்தினார்.

மெஷின் ஹாஜியாரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. இடப்பக்கம் இழுத்தது, போனார். வலப்பக்கம் இழுத்தது, அங்கும் போனார். ஒரு கை தொப்பிக்குப் போக, மெஷின் சரிந்து "க்ரீச்" என்றது. அந்தச் சத்தத்தில் வேலியில் நின்ற ஆடு பாய்ந்து ஓடியது. அர்கம் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான்.

பொனட்டின் நடுவில், நோன்புப் பிறை மாதிரி, வளைந்த வெள்ளைக் கீறல். பெயின்ற் அந்த இடத்தில் இல்லவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா நிக்கொலஸ் அண்ணன் படலையைத் திறக்க வேண்டும்? ஹாஜியாரின் உப்பு லொறியை ஓட்டுகிறவர் அவர். உப்போடு சேர்த்து ஊர்க் கதையையும் ஏற்றி, சிலாபம்வரை நிறுத்தி நிறுத்தி இறக்குவார்.

"ஐயோ ஹாஜியார்! ஆர் இந்த வேல பாத்தது?"

ஹாஜியார் மெஷினைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அர்கத்தைப் பார்த்தார். அவர் மண்டைக்குள் ஓடியது எனக்குக் கண்ணாடிபோல் தெரிந்தது. தான்தான் என்றால் மானம் லொறியில் ஏறும். பேட் பிழை என்றால் மகனின் மானம் ஏறும். கூலிக்கு வந்த பொடியன் என்றால், பிறகேன் இன்னும் அவனை அடித்து விரட்டவில்லை என்று கேள்வி வரும். அப்படி விரட்டவோ, உண்மை தெரிந்த இரண்டு பேர் முன்னால் நிற்கிறோம். ஒரு வீட்டில் காரைக் கீறிவிட்டு ஏச்சு வாங்காமல் நிற்கக்கூடியவன் ஒருவன்தான்.

"எங்கட மருமகன்," என்றார் ஹாஜியார். "பழகுறாரு."

எங்கட! இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எங்களை அந்தச் சொல்லுக்குள் எடுத்ததே இல்லை. கண்ணீர் முட்டியது, ஆனால் அழ நேரமில்லை.

"மருமகனோ?" நிக்கொலஸ் அண்ணன் விடவில்லை. "உங்களுக்கு ஒரே பொம்பிளப் பிள்ள. அவவுக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லயே?"

"ஆகப் போகுது," என்றார் ஹாஜியார், பெட்டியை மூடியபடி.

உள்ளே, ஹஃபீலா நின்ற கதவுப் பக்கம், ஒரு சட்டி மூடி விழுந்து உருண்டது. நீதிமான் அர்கம் விறைத்து நின்று, "நிக்கொலஸ் அண்ண, நான் கீறல்..." என்று தொடங்கினான். அவன் காலை என் குதியால் ஒரே மிதி. வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"எப்ப மாமா நிக்காஹ்?" என்று கேட்டேன். "நிக்கொலஸ் அண்ணனும் கேட்டு வச்சிக்கிட்டா நல்லம். அவரு நாலு எடம் போய்வாற மனிசன்."

ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையில் தேங்காய் வெடித்திருக்கும். "ஹஜ்ஜுப் பெருநாள் முடிய," என்றார். நிக்கொலஸ் அண்ணன் அர்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துக்கள் தம்பி, ஆனா மெஷின இனித் தொடாத," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கீறலோடுதான் கார் சிலாபத்துக்குப் போனது. கேட்டவர் எல்லாரிடமும் ஹாஜியார் மருமகன் கதையையே சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மையாகிவிட்டதாம், "கை பழகினாச் சரிவரும், நல்ல புள்ள" என்றுகூடச் சேர்த்தாராம். திங்கட்கிழமை உச்சமுனையில் மீன் வாங்கப் போனவர்களுக்குக்கூட என் தம்பி கார் கீறிய கதை தெரிந்திருந்தது.

அர்கம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "ராத்தா, என்ட தொழில் பேரே போகுது. அந்த எடத்துக்கு நானே பெயின்ற் தொட்டு, என்ட பேட்டால மினுக்கிட்டா ஒண்டும் தெரியாது. இண்டைக்கே போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அவன் கையிலிருந்த மெஷினை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "நிக்காஹ் எழுதி அவரு கையொப்பம் வைக்கிறவரைக்கும் அந்தக் கீறலுக்கு ஒண்டும் ஆகக் கூடாது."